சாவியைத் திருப்பினா சத்தமே இல்லையா? பழைய அம்பாசிடரும் இக்னிஷன் சுவிட்சும்

தாத்தா ஓட்டின அம்பாசிடரைக் கவர் போட்டு மூடி வெச்சு, ஞாயித்துக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிறவங்க நம்ம நேயர்கள்ல சிலர் இருக்கீங்க. என்கிட்டயும் ஒரு பழைய அம்பாசிடர் இருக்கு. இந்த எபிசோடுல அதோட இக்னிஷன் சுவிட்சைப் பத்தி மட்டும் பேசுறேன்.

உள்ளே என்ன நடக்குது?

அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரிலிருந்து வந்த வண்டி. வயர்களின் நிறமும் பிரிட்டிஷ் முறைதான். பிரவுன் வயர் பேட்டரியிலிருந்து வருது. சாவியை எடுத்தாலும் அதுல கரன்ட் இருக்கும். வெள்ளை வயர் காயிலுக்குப் போகுது. வெள்ளையில் சிவப்புக் கோடு போட்டது ஸ்டார்ட்டர் சொலினாய்டுக்கு. ஃபியூஸைத் தாண்டிப் பச்சையாக மாறுற வயர், வைப்பர், இண்டிகேட்டர், பிரேக் லைட்டுக்கு.

இப்ப யோசிச்சுப் பாருங்க. ராத்திரி ஹைவேல சுவிட்ச் கைவிட்டா எஞ்சின் மட்டும் நிக்காது. பிரேக் மிதிச்சாலும் பின்னாடி சிவப்பு லைட் எரியாது. அதனாலதான் இது சின்ன விஷயம் இல்லை.

‘டைரக்ட்’ பண்ணாதீங்க

வழியில வண்டி நின்னா, “டைரக்ட் பண்ணிடலாம் சார்”னு சொல்வாங்க. பேட்டரியிலிருந்து காயிலுக்கு நேரா ஒரு வயர். வண்டி ஓடும், ஆனா சாவியால எஞ்சினை நிறுத்த முடியாது. அந்த வயர்ல ஃபியூஸும் இருக்காது. எங்கேயாவது உரசி பாடியைத் தொட்டா தீப்பிடிக்கும். அவசரத்துக்கு மெக்கானிக் ஷெட் வரைக்கும்னா சரி. அப்படியே விட்டுடக் கூடாது.

மாத்துறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க

சாவியை ஆட்டினா ஸ்டார்ட் ஆகுது, குழியில ஏறி இறங்கினா எஞ்சின் கட் ஆகுது, சுவிட்ச் சுடுதுன்னா சந்தேகப்படலாம். ஆனா லூஸான டெர்மினலும், துருப்பிடிச்ச எர்த்தும் இதையேதான் செய்யும்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில வைங்க. முதல்ல பேட்டரி: நல்லா சார்ஜ் ஆனதுன்னா 12.6 வோல்ட் பக்கம் காட்டும். அப்புறம் சாவியை ஆன் பண்ணி, வைப்பரை ஓட விட்டு, ஒரு புரோபை பிரவுன் டெர்மினல்லயும் இன்னொண்ணை வெள்ளை டெர்மினல்லயும் வைங்க. 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு. அரை வோல்ட்டைத் தாண்டினா உள்ளே கான்டாக்ட் கருகியிருக்கு. சோதனையை ஒரு நிமிஷத்துல முடிச்சிடுங்க. எஞ்சின் ஓடாம சாவி ஆன்லயே இருந்தா காயில் சூடாகும்.

மாத்தும்போது

முதல் வேலை, பேட்டரியின் எர்த் கேபிளைக் கழட்டுறது. பிரவுன் வயருக்கு ஃபியூஸ் இல்லை. ஸ்பேனர் தெரியாம பட்டாலே போதும், பொறி பறக்கும். ரொம்பப் பழைய வண்டிகள் சிலதுல பாசிட்டிவ்தான் எர்த், அதைப் பார்த்துக் கழட்டுங்க.

எந்த வயர் எந்த டெர்மினல்னு போட்டோ எடுத்து, டேப்புல எழுதி ஒட்டுங்க. இத்தனை வருஷத்துல யாராவது வயர் மாத்தியிருப்பாங்க, நிறத்தை மட்டும் நம்ப முடியாது. டேஷ்போர்டு முன்னாடி இருக்கிற வளைய நட்டைக் கழட்டினா சுவிட்ச் பின்பக்கமா வந்துடும்.

தாத்தா கையில இருந்த அதே சாவி வேணுமா? பழைய லூகாஸ் சுவிட்சுகள் பலதுல பக்கவாட்டில ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சாவியை ஆன் நிலையில வெச்சு, மெல்லிய கம்பியால உள்ளே இருக்கிற பின்னை அமுக்கினா, பூட்டு உருளை மட்டும் தனியா வரும். அதே வகை சுவிட்ச் கிடைச்சா அதுல போட்டுக்கலாம். சென்னையில இருக்கிறவங்க பழைய சுவிட்சைக் கையில எடுத்துட்டுப் புதுப்பேட்டைல தேடுங்க. டெர்மினல் எண்ணிக்கை சரியா இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

திரும்பவும் கருகாம இருக்க

கருகினதுக்குக் காரணம் பெரும்பாலும் பின்னாடி சேர்த்தது: ஃபாக் லேம்ப், பெரிய ஹார்ன், மியூசிக் சிஸ்டம். எல்லாத்துக்கும் இந்தச் சுவிட்ச்லருந்தே லைன் எடுத்திருப்பாங்க. லேம்ப்புக்கும் ஹார்னுக்கும் பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியா தனி லைன் கொடுங்க. அப்போ சுவிட்ச் சுமக்கிறது ரிலே காயிலோட கால் ஆம்பியருக்கும் குறைவான கரன்ட்தான். இதைச் செய்யாம புது சுவிட்ச் போட்டா, அதுவும் கருகத்தான் போகுது.