தவக்காலமும் அடங்கிய இசையும்

தீப்பெட்டித் தொழிற்சாலையால் பெயர்பெற்ற விம்கோ நகரில், கத்தோலிக்க அயலார் நெற்றியில் சாம்பல் கண்டால் தவக்காலம் பிறந்ததென அறிவோம். சென்ற ஆண்டுக் குருத்தோலையை எரித்த சாம்பல் அது. ஞாயிறுகள் நீங்கலாக 40 நாள். முறை வேறாயினும் நோன்பின் அருமை நமக்குப் புதிதன்று. வெள்ளிதோறும் சிலுவைப்பாதையின் 14 நிலைகள். அல்லேலூயா ஒலிக்காது, இசைக்கருவி பாட்டைத் தாங்குமளவே. பெரிய வியாழனன்று ஓயும் மணி பாஸ்கா இரவு வரை வாய் திறவாது.

இக்காலத்தில் ஓதப்படும் வியாகுலப் பிரசங்கமே தமிழ்த்துறையினராகிய நம்மைப் பெரிதும் ஈர்ப்பது. இலங்கையில் தொண்டாற்றிய கோவாக் குரு யாக்கோமே கொன்சால்வெஸ் (1676–1742) இயற்றிய இதில் 9 பிரசங்கங்கள் உள. வெறுமனே வாசிப்பதன்று, இராகமிட்டு இழுத்து ஓதுவது. உரைநடையே ஒப்பாரியாகிறது! அச்சுப்பிரதியில் அவ்விராகம் கிட்டாது. மாணவர் ஓதுவோர் அருகிருந்து கேட்டே பதிவு செய்தல் வேண்டும்.