மரத்தரை போட நினைக்கும் யாழ்ப்பாண வீட்டுக்காரருக்கு

வலிகாமம் வடக்கிலிருந்து 1990 யூனில் வெளியேறிய பல குடும்பங்கள், காணி விடுவிக்கப்பட்டுத் திரும்பிப் போனபோது கண்டது சுவர்களை மட்டும்தான். வளை, கைமரம், நிலை, கதவு ஒன்றும் இல்லை. சில வீடுகளில் அத்திவாரத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எனவே மீளக் கட்டும்போது 'மரத்தில் நல்லதாக ஏதாவது வைக்க வேண்டும்' என்று மனம் ஆசைப்படுவதில் வியப்பில்லை. ரொறன்ரோவிலோ லண்டனிலோ மரத்தரையில் நடந்து பழகிய பிள்ளைகள் அதற்குப் பணமும் அனுப்புகிறார்கள். அந்தப் பணம் வீணாகாமல் இருக்க, முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய சில விடயங்கள் உள்ளன.

மரம் அறுத்த பின்னும் காற்றின் ஈரத்தை இழுத்து வீங்கும், விட்டுச் சுருங்கும். குளிர்நாடுகளில் சூடாக்கிய வீட்டுக்குள் இருக்கும் பலகையில் 8 வீதமளவு ஈரம்தான் இருக்கும். நமது கரையோரக் காற்றில் அது 14 வீதத்துக்கும் மேலே போகும். அப்படிக் காய்ந்த 4 அங்குலப் பலகை இங்கே வந்தால் அகலத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் கூடும். கேட்கச் சிறியதுதான். ஆனால் 12 அடி அகல அறையில் 36 பலகைகள் வரும். எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை அங்குலத்துக்குக் கிட்ட. சுவரோரம் இடைவெளி விடாமல் இறுக்கியிருந்தால் தரை நடுவில் கூடாரம்போல எழும்பிவிடும். இடைவெளி விட்டாலும், ஐப்பசி கார்த்திகை மழையில் நெருங்கிய பலகைகள் சோளகக் காற்றில் சற்று விலகத்தான் செய்யும். இதைத் தச்சரின் பிழையென்று சண்டை பிடிக்க வேண்டாம். விரலளவு நீக்கல் விழுந்தால் அது வேறு கதை: பச்சைமரத்தைப் பொருத்தியிருக்கிறார்கள்.

மரக்காலையில் 'நல்லாய்க் காய்ந்தது' என்று சொன்னால் மட்டும் போதாது. காற்றில் காயவிடும் பலகை மாதக்கணக்கில் எடுக்கும். ஈரமானி ஒன்றால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பலகை வந்தவுடன் அடிக்காமல், போடப்போகும் அறையிலேயே இரண்டு மூன்று வாரம் அடுக்கி வையுங்கள். கீழுள்ள சீமெந்துத் தளமும் காய வேண்டும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது பொதுக் கணக்கு. தளத்துக்கு அடியில் தடித்த பொலித்தீன் விரிக்காத வீட்டில் நிலத்து ஈரம் எப்போதும் மேலே வந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட கீழ்த்தளத்தில் மரத்தரையே வேண்டாம் என்பதுதான் எனது அபிப்பிராயம்.

எந்த மரம்? முதிரை, பாலை, தேக்கு மூன்றும் உழைக்கும். ஆனால் வைரப் பகுதி மட்டும்தான். வெளிறிய ஓரத்தைக் கறையான் முதலில் தேடி வரும். பனை முற்றியதாக இருந்தால் வெளிவயிரம் இரும்பு மாதிரி, உள்ளே சோறு. ஒல்லாந்தர் காலத்திலேயே கப்பலேறிய மரம் அது. கைமரத்துக்கும் சிலாகைக்கும் அதற்கு இணை இல்லை, அகலப் பலகைக்குப் பொருந்தாது. போரில் பதுங்குகுழிகளுக்கென்றே எத்தனை பனை போனது என்பது எல்லோருக்கும் தெரியும். சொந்தக் காணிப் பனையென்றாலும் பிரதேச செயலகத்தின் அனுமதி பெற்றே தறியுங்கள். மரம் ஏற்றி வரும் வாகனத்துக்கும் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். வழியில் பிடிபட்டால் கொடுத்த முற்பணத்தைத் திரும்பக் காண்பது கடினம்.

பலரும் யோசிக்காதது ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமையென்றால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீடு கழுவுகிறவர்கள் நாங்கள். துடக்குக் கழிக்கும் நாளில் சொல்லவே வேண்டாம். மரத்தரையில் அது நடக்காது, பிழிந்த துணியால் துடைக்கலாம், அவ்வளவுதான். அம்மா அதற்குச் சம்மதிப்பாவா என்று முதலில் கேளுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் பழக்கம் மட்டும் மரத்துக்கு நல்லது. ஆனாலும் முற்றத்து மணல் காலோடு வந்து கீறும். முக்கால் அங்குல முழுமரப் பலகையைச் சில வருடங்களுக்கு ஒருமுறை தேய்த்து மீண்டும் மெருகிடலாம். மேலே படம் ஒட்டிய மலிவுப் பலகையை அப்படிச் செய்ய முடியாது. ஈரம் பட்டால் அது ஊதிப்போகும்.

வருடத்தில் பதினொரு மாதம் பூட்டியிருக்கும் வீடென்றால் இன்னும் யோசியுங்கள். காற்றோட்டமில்லாத அறையும் ஆளில்லாத தரையும் கறையானுக்குக் கொண்டாட்டம். யன்னல் திறந்து பார்க்க அயலில் ஒருவர் இல்லையென்றால் சிவப்புச் சீமெந்தோ ரைல்ஸோ போட்டுவிடலாம்.

இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு முழு வீட்டுக்கே 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய்தான் கொடுத்தார்கள். அதற்குள் முடிக்க முடியாமல் கடன்பட்ட குடும்பங்கள் பல. வெளிநாட்டுப் பணம் வந்தாலும் அது அளவோடுதான் வரும். முதலில் கூரைமரம், பிறகு நிலையும் கதவும். மிஞ்சினால் மேல்மாடியில் ஓர் அறைக்கு மட்டும் மரத்தரை போட்டு, ஒரு மாரியும் ஒரு கோடையும் போகட்டும். மற்ற அறைகளுக்கான பலகையை அதற்குப் பிறகு வாங்கலாம்.