இணையத்தளம் அமைப்போரும் எழுத்தாவணமும்

ஒருவர் வேண்ட மற்றொருவர் ஆக்கிக் கொடுத்த பொருள் யாருக்குரியது? நாற்காலியாயின் விடை எளிது. பணங் கொடுத்தவர் அதனைக் கொண்டு செல்வர். தச்சருக்கு அதன்மேற் பின்னர் உரிமை யாதுமில்லை. இணையத்தளம் அத்தன்மைத்தன்று. அதன் வடிவமும் அதனை இயக்கும் நிரலும் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. நிறுவனத்திற் சம்பளத்துக்கு அமராது தனித்து நின்று இத்தொழில் செய்வோர், வாடிக்கையாளரோடு கொள்ளும் ஆவணங்கள் கூலியைப் பெறுவதற்கே உரியவை எனக் கருதுவதுண்டு. அவற்றுக்கு அதனினும் பெரிய பயன் உண்டென்பதை ஒரு வழக்கினால் விளக்குவாம்.

1985 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில் வீடற்றோர் நலம் பேணுஞ் சங்கமொன்று, ஜேம்ஸ் ஏர்ல் றீட் என்னுஞ் சிற்பியிடம் நத்தார்க் காலக் காட்சிக்கெனச் சிற்பமொன்றை வேண்டிற்று. தெருவோர நீராவித் துவாரத்தின்மேற் குளிர்காயும் வீடற்ற குடும்பமொன்றின் உருவம் அது. சிற்பி தம் உழைப்புக்குக் கூலி கேட்டிலர். ஏனைய செலவு 15,000 டொலருக்கு மேற்படலாகாது என்பது பேசப்பட்டது. எழுத்தில் ஒப்பந்தம் யாதுமில்லை. பதிப்புரிமை பற்றி இரு திறத்தாரும் வாய்திறந்திலர். சில மாதங்களின் பின்னர் அச்சிற்பத்தை வேறு நகரங்களுக்குக் கொண்டு செல்லச் சங்கம் விரும்பிற்று. அது செய்யப்பட்ட பொருள் பயணத்தைத் தாங்காதெனச் சிற்பி மறுத்தார். ஈற்றில் இருவருமே பதிப்புரிமை தமதென்றனர்.

1989 ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்று, நீதியரசர் தேர்குட் மார்ஷல் எழுதிய தீர்ப்பில், சிற்பி ஊழியரல்லர் என்றது. தம் கருவிகளைக் கொண்டு, வேறோர் ஊரிலுள்ள தம் கூடத்தில், இரண்டு மாதத்துக்குங் குறைந்த காலம் உழைத்தவர் அவர். வேண்டியவர் வழிகாட்டியமை மாத்திரம் உரிமையை வேண்டியவர்க்கு ஆக்காது. சங்கமும் கூட்டாக்கியோன் ஆகுமா என்ற வினா கீழ்நீதிமன்றுக்கு விடப்பட்டது. முடிவில் இணக்கமே வழக்கைத் தீர்த்தது: மூலச்சிற்பம் சங்கத்துக்கு, முப்பரிமாணப் பிரதி செய்யும் உரிமை சிற்பிக்கு. ஒரு தாளில் எழுதியிருக்கத்தக்க சங்கதி இது!

இணையத்தள வடிவமைப்பாளரும் பெரும்பாலும் அச்சிற்பியின் நிலையினரே. அமெரிக்கச் சட்டப்படி, வாடிக்கையாளர் முழுத்தொகையுஞ் செலுத்தியும் பதிப்புரிமை அவருக்கு மாறாதிருக்கலாம். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் அவ்வுரிமை மாற்றம் கையொப்பமிட்ட எழுத்தில் இருத்தல் வேண்டுமெனக் கூறுகின்றது. ஆதலின் முழுத்தொகையும் பெற்றவுடன் உரிமை மாறும் என்றோ, பயன்படுத்தும் அனுமதி மாத்திரமே உண்டு என்றோ ஒப்பந்தத்தில் எழுதுதல் இருவருக்கும் நன்று.

அடுத்தது பணியின் எல்லை. ஐந்து பக்கமென்று தொடங்கியது, படத்தொகுதி ஒன்று, பதிவுப்படிவம் ஒன்று என நாடோறும் வளரும். “இது சிறிய வேலைதானே” என்னுஞ் சொல்லுக்கு இத்தொழிலில் அஞ்சாதார் அரியர். பக்கங்கள் எத்தனை, திருத்தச் சுற்றுக்கள் எத்தனை, படங்களையும் எழுத்தையுந் தருபவர் யார் என்பன முன்னரே குறிக்கப்படல் வேண்டும். மேலதிகமாக வேண்டுவது ஒவ்வொன்றும் கூலியுடன் தனிக்கடிதத்தில் ஏறல் வேண்டும். முற்பணம், சிட்டை, பற்றுச்சீட்டு ஆகியன யாவரும் அறிந்தவையாதலின் விரிக்கவில்லை. பலரும் மறப்பது கையளிப்புப் பத்திரம். ஆள்களப் பெயர் யார் பெயரிற் பதியப்பட்டது, ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்துபவர் யார், கடவுச்சொற்கள் எந்நாளில் ஒப்படைக்கப்பட்டன என்பன அதிற் காணப்படல் வேண்டும். வடிவமைப்பாளர் தம் பெயரிலேயே ஆள்களத்தைப் பதிந்துவிட்டு வெளிநாடு சென்றால், வாடிக்கையாளர் தம் கடையின் பெயரையே இழந்தவராவர்.

இவற்றை எத்துணைக் காலம் பேணுவது? 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம், எழுத்திலுள்ள ஒப்பந்தத்தின்மேல் வழக்கிட ஆறு ஆண்டும், எழுத்தில்லாததற்கு மூன்று ஆண்டும் தருகின்றது. செய்த வேலைக்கும் உழைப்புக்கும் உரிய கடனுக்கோ ஓராண்டே. மின்னஞ்சலில் முடிந்த உடன்படிக்கை மின்வடிவினது என்னுங் காரணத்தால் மாத்திரம் செல்லாதாகாது என்பது 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் நிலைப்பாடு. எனவே ஒப்பந்தமும் அதனைச் சார்ந்த மின்னஞ்சல்களும் பணி முடிந்த பின்னரும் ஆறு ஆண்டுகளுக்குக் குறையாது, வாடிக்கையாளர்வாரியாக, ஈரிடத்திற் பேணப்படல் தக்கது.