பாறைக்குள் எவ்வளவு இருக்கிறது? அறுத்துப் பார்த்தால்தான் தெரியும்!

2023 ஜனவரி. சுவீடனின் வடகோடியில் இருக்கும் கிருணா நகரிலிருந்து வந்த ஒரு செய்தி உலகம் முழுக்கப் பரவியது. பத்து லட்சம் டன்னுக்கும் அதிகமான அரிய மண் ஆக்சைடுகள் அங்கே பூமிக்கடியில் இருப்பதாக அறிவித்தது, அந்நாட்டு அரசுக்குச் சொந்தமான எல்.கே.ஏ.பி சுரங்க நிறுவனம். மின்சாரக் கார், காற்றாலை ஆகியவற்றின் காந்தங்களுக்குத் தேவைப்படும் நியோடிமியம் வகையறா.

இன்னும் தோண்டி எடுக்காத புதையலுக்கு எப்படிக் கணக்குச் சொல்கிறார்கள்?

வைரப்பல் பதித்த குழாயைப் பாறைக்குள் சுழற்றி இறக்கினால், கைப்பிடிக்குள் அடங்கும் தடிமனில் கல் உருளைகள் மேலே வரும். வரிசை மாறாமல் பெட்டியில் அடுக்கி, எத்தனையாவது மீட்டர் என்று குறித்து வைப்பார்கள். பிறகு நீளவாக்கில் இரண்டாக அறுப்பார்கள். ஒரு பாதி ஆய்வகத்துக்குப் போகும். மறு பாதி பெட்டியிலேயே பத்திரமாக இருக்கும். நாளை யாராவது சந்தேகப்பட்டால் காட்ட வேண்டுமே! இந்தோனேசியாவின் புசாங்கில் தங்கம் கொட்டிக் கிடப்பதாகச் சொன்ன பிரி-எக்ஸ் நிறுவனம், மறு பாதியை வைக்காமல் முழு உருளையையும் நொறுக்கியது. மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தூள் கலந்திருந்தது 1997-ல் அம்பலமானது. நம்பிப் பணம் போட்டவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள்.

அரிய மண் விஷயத்தில் ஆய்வகத்திலும் ஒரு சிக்கல். அதன் சில தாதுக்கள் அமிலத்தில் முழுதாகக் கரையாது. கரையாதது கணக்கில் வராது. அதனால் பாறைப் பொடியை லித்தியம் போரேட்டோடு சேர்த்து உலையில் உருக்கி, அதைக் கரைத்து அளக்கிறார்கள். நடுநடுவே, அளவு முன்பே தெரிந்த பொடியையும் சொல்லாமல் கலந்து அனுப்புவதுண்டு. பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பது மாதிரி!

துளைகளுக்கு இடையில் இருப்பதை யார் பார்த்தது? அதற்குக் கணிதம் இருக்கிறது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிகேயின் பெயரால் 'கிரிகிங்' என்பார்கள். அருகிலுள்ள துளைக்கு மதிப்பு அதிகம், தள்ளியிருப்பதற்குக் குறைவு. துளைகள் அரிதாக இருக்கும் இடத்துக்கு வரும் எண்ணை 'அனுமானம்' என்றே எழுத வேண்டும். செய்தித் தலைப்புகளில் இந்த வார்த்தை காணாமல் போய்விடும்.

கிருணாவில் ஒரு டன் பாறைக்குச் சுமார் 2 கிலோதான் கிடைக்கும். கலிஃபோர்னியாவின் மவுன்டன் பாஸ் சுரங்கத்திலோ சுமார் 70 கிலோ! ஆனாலும் கிருணாவில் இரும்புத்தாது வெட்டும்போதே இதுவும் கூட வரும் என்பதால் கணக்கு கட்டுப்படியாகலாம். சந்தைக்கு வர 10 முதல் 15 ஆண்டுகள் ஆகும் என்று அந்த நிறுவனமே சொன்னது. சாமி பழங்குடியினர் கலைமான்களை ஓட்டிச் செல்லும் பாதையும் அதே நிலத்தின் மேல்தான் போகிறது.