மெம்பிஸின் ஆண்கள்

1968 பிப்ரவரி 1. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கொட்டும் மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரு துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை லாரியின் பின்புறத்தில் ஏறி ஒதுங்கினார்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் திடீரென்று ஓடத் தொடங்கி இருவரையும் உள்ளே இழுத்துக் கொன்றது. பதினோரு நாளில் சுமார் 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். அநேகமாக எல்லோரும் கறுப்பர்கள்.

அவர்கள் வீட்டுக் கொல்லைகளிலிருந்து குப்பையைத் தொட்டியில் அள்ளித் தலையிலும் தோளிலும் சுமந்து வருவார்கள். தொட்டியின் அடி ஓட்டையாக இருக்கும். அழுகல் நீர் கழுத்து வழியே சட்டைக்குள் இறங்கும். முழுநேரம் உழைத்தும் பலருடைய சம்பளம் அரசு நிவாரணம் கேட்கும் அளவுக்குத்தான் இருந்தது. பேரன் பேத்தி எடுத்தவரையும் வெள்ளையர்கள் ‘பாய்’ என்று, பொடியனைக் கூப்பிடுவதுபோல்தான் கூப்பிட்டார்கள். அதனால்தான் ஊர்வலத்தில் எல்லோர் கையிலும் ஒரே வாசகம்: ‘நான் ஓர் ஆண்மகன்’.

கூலி உயர்வு கேட்ட போராட்டத்துக்கு இப்படியொரு வாசகம் ஏன்? 1662இல் வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டது: தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை. தகப்பன் என்ற உறவுக்கு அதில் மதிப்பே இல்லை. குடும்பத்தைக் காப்பாற்றுவதுதான் ஆண்மை என்று எல்லோருக்கும் சொன்ன அதே சமூகம், கறுப்பனுக்கு மட்டும் அதற்கு வழி விடவில்லை. இன்னொரு பக்கம், அவனை வெள்ளைப் பெண்களுக்கு ஆபத்தான மிருகமாகச் சித்தரித்தது. 1955இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுப் பையனைக் கொன்றது அந்தக் கதைதான். பெரியவரைப் பொடியனாக்கவும் பொடியனைப் பயங்கர ஆணாக்கவும் நிறவெறிக்குத் தெரியும். இரண்டும் ஒரே வேலைதான்.

அந்த வாசகத்தில் பெண்கள் இல்லை, போராட்டத்தில் இருந்தார்கள். மெம்பிஸில் என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பர் உரிமை அமைப்பை நடத்திய மேக்சின் ஸ்மித் முன்வரிசையில் நின்றார். போராட்டத்துக்கு ஆதரவாக வந்திருந்த கறுப்பர் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4இல் அங்கே சுட்டுக் கொல்லப்பட, நான்கே நாளில் அவர் மனைவி கொரெட்டா அதே ஊரில் ஊர்வலத்தை நடத்தினார். கணவனை அடக்கம்கூடச் செய்யாத நேரம் அது! 1977இல் கோம்பாஹீ ரிவர் கலெக்டிவ் என்ற கறுப்புப் பெண்கள் குழு இதைத் தெளிவாகவே எழுதியது: நிறவெறியை எதிர்க்கையில் எங்கள் ஆண்களோடு நிற்கிறோம், ஆணாதிக்கத்தை எதிர்க்கையில் அவர்களோடும் சண்டை போடுகிறோம். கறுப்பு ஆண்மையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை விட்டுவிட்டுப் பேசக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

1968 ஏப்ரல் 16இல் துப்புரவுத் தொழிலாளர்களின் சங்கத்தை நகராட்சி ஏற்றுக்கொண்டது. ஆனால் அவர்களுக்கு ஓய்வுக்கால வருமானம் போதவில்லை. கொரியப் போர்க் காலத்தில் ராணுவத்தில் இருந்தவரும் 1968 போராட்டத்தில் நின்றவருமான எல்மோர் நிக்கல்பெரி, 80 வயதைத் தாண்டியும் குப்பை லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். 2017இல்தான் உயிரோடிருந்த போராட்டக்காரர்களுக்கு ஆளுக்கு 50,000 டாலர் தருவதாக நகராட்சி அறிவித்தது.

மெம்பிஸ் 1991இல் முதல் கறுப்பு மேயரைத் தேர்ந்தெடுத்தது. 2021இல் கறுப்புப் பெண் ஒருவர் காவல்துறைத் தலைவரானார். ஆனால் பழைய பார்வை போகவில்லை. 2014இல் கிளீவ்லாந்து நகரில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த டாமிர் ரைஸைப் போலீஸ் வந்த வேகத்தில் சுட்டது. சுட்டபின் வயர்லெஸ்ஸில் சொன்ன வயது 20 இருக்கலாம் என்பது. அவனுக்கு 12.

இன்று மாறியிருப்பது கறுப்பு ஆண்கள் தங்களைப் பற்றிப் பேசும் விதம். ‘மூன்லைட்’ என்ற படம், கடினமானவனாக நடிக்கப் பழகிய கறுப்புப் பையனின் தனிமையையும் இன்னொரு ஆண்மீது அவனுக்குள்ள காதலையும் சொல்லி, சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. பயமாக இருக்கிறது என்று 1968இன் எந்த அட்டையிலும் எழுதியிருக்க முடியாது. இந்த மென்மையைப் பலவீனம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

டைர் நிக்கோல்ஸுக்கு 29 வயது. அஸ்தமனத்தைப் படமெடுப்பார், அம்மா பெயரைக் கையில் பச்சை குத்தியிருந்தார். 2023 ஜனவரியில் மெம்பிஸில் காரை மறித்த போலீஸார் அவரை அடித்துத் துவைத்தபோது, அம்மா, அம்மா என்று கத்தினார்; வீடு கூப்பிடு தூரம்தான். மூன்றாம் நாள் இறந்தார். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஐவரும் கறுப்பர்கள். அடக்கி ஆள்வதே ஆண்மை என்று சீருடை கற்றுக்கொடுத்துவிட்டால், அதை யார் உடுத்தினாலும் அடி கறுப்பு உடம்பின்மேல்தான் விழுகிறது. 2025 மே மாதம், அவர்களில் மூவரை மாநில வழக்கின் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் ஜூரி விடுவித்தது.