ஆயிரத்தில் மூன்று பேர்

‘கோவை, திருப்பூர், சென்னை தொழிலதிபர்களின் ஒரு லட்சம் இமெயில் ஐ.டி. ரெடி. சில ஆயிரம் ரூபாய்தான்.’ சிறுதொழில் நடத்தும் பலருக்கு இப்படியொரு வாட்ஸ்அப் செய்தி வந்திருக்கும். நூறில் ஒருவர் வாங்கினால்கூட ஆயிரம் வாடிக்கையாளர் ஆயிற்றே என்று மனம் கணக்குப் போடும். தயவுசெய்து அந்தப் பட்டியலை வாங்காதீர்கள். மெயில் வழியாக வியாபாரத்தை வளர்க்க ஆயிரம் உத்திகள் சொல்வார்கள். அவை எல்லாமே, ‘எனக்கு அனுப்புங்கள்’ என்று தானாக முகவரி தந்தவரிடம் மட்டுமே பலிக்கும்.

விலைக்கு வாங்கிய பட்டியலில் வேலையை விட்டுப் போனவர்களும், மூடிப்போன கம்பெனிகளும், எப்போதோ ஒரு கண்காட்சியில் விசிட்டிங் கார்டு நீட்டியவர்களும் இருப்பார்கள். நடுவில் சில பொறி முகவரிகளும் இருக்கும். ஸ்பாம் அனுப்புகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே ஸ்பாம்ஹாஸ் போன்ற அமைப்புகள் வைத்திருக்கும் முகவரிகள் அவை. எந்த மனிதரும் பயன்படுத்தாத அந்த முகவரிக்கு உங்கள் விளம்பரம் போனால், நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும். அடி விழுவது அந்த ஒரு விளம்பரத்துக்கு மட்டும் அல்ல, கம்பெனியின் டொமைனுக்கே. கொட்டேஷனும் இன்வாய்ஸும் அதே டொமைனிலிருந்துதானே போகின்றன? வெளிநாட்டு பையர் ஆசையாகக் கேட்ட விலைப்பட்டியல் அவருடைய ஸ்பாம் ஃபோல்டரில் கிடக்கும். பதிலே வரவில்லை என்று அவர் அடுத்த சப்ளையரிடம் போய்விடுவார். ஆர்டர் ஏன் கைநழுவியது என்பதுகூட நமக்குத் தெரியாது.

2024 பிப்ரவரி முதல் இந்த விஷயத்தில் கூகுளும் யாகூவும் பிடியை இறுக்கிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் மீதான ஸ்பாம் புகார் 0.3 சதவிகிதத்தைத் தொடக் கூடாது. ஆயிரம் பேரில் மூன்றே பேர் ‘ஸ்பாம்’ பொத்தானை அழுத்தினால் எல்லைக்கு வந்துவிட்டோம் என்று பொருள். ஆயிரத்தில் ஒருவருக்கும் கீழே வைத்திருங்கள் என்பதுதான் கூகுளின் அறிவுரை. முகம் தெரியாத ஒரு லட்சம் பேருக்கு அனுப்பிவிட்டு இந்த அளவுக்குள் தப்பிப்பது நடக்கிற காரியம் அல்ல.

அனுப்புவது நாம்தான் என்று நிரூபிக்கும் மூன்று அடையாளங்களையும் அதே விதிகள் கேட்கின்றன: எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கம்பெனி முகவரியிலிருந்து உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டினால் ‘ஷோ ஒரிஜினல்’ என்று ஒரு வரி வரும். அதை அழுத்தியதும் விரியும் பக்கத்தின் மேலேயே இந்த மூன்று பெயர்களும் பக்கத்தில் ‘பாஸ்’ என்ற சொல்லும் இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று இல்லையென்றால் டொமைன் வாங்கிக்கொடுத்தவரை இன்றைக்கே கூப்பிடுங்கள். பல கம்பெனிகளின் தீபாவளி ஆஃபர் படிக்கப்படாமல் போவதற்கு, யாரும் எட்டிப்பார்க்காத இந்தப் பக்கத்தில் தெரியும் குறையும் காரணமாக இருக்கலாம்.

சரி, மெயில் இன்பாக்ஸுக்குப் போய்விட்டது. திறக்க வைப்பது எப்படி? இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த பாடம் ஒரு தேர்தல் களத்திலிருந்து வருகிறது. 2012 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமா அணி ஆன்லைனில் திரட்டிய நிதி சுமார் 69 கோடி டாலர். அதில் பெரும்பகுதி மெயில்கள் மூலம் வந்தது. ஒவ்வொரு பெரிய மெயிலையும் அனுப்புவதற்கு முன்னால் பல வடிவங்களில் எழுதி, ஆதரவாளர்களில் சிறுசிறு குழுக்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். எந்த வடிவத்துக்குப் பணம் அதிகம் வருகிறதோ அதுதான் மொத்தப் பட்டியலுக்கும் போகும்.

அந்த ஆண்டு ஜூன் மாத மெயில் ஒன்றைப் பாருங்கள். ‘எதிரணி என்னைவிட அதிகம் செலவழிக்கப்போகிறது’ என்ற பொருளில் ஒரு தலைப்பு வரி. அதற்குப் போட்டியாக 17 வடிவங்கள். வென்ற இந்த வரி 26 லட்சம் டாலர் கொண்டுவந்தது. கருத்துக்கணிப்பைப் பற்றிய இன்னொரு தலைப்போடு அனுப்பியிருந்தால் 4 லட்சம் டாலர் அளவுக்குத்தான் வந்திருக்கும் என்பது அவர்கள் சோதனையில் தெரிந்த கணக்கு. அதே வேட்பாளர், அதே பட்டியல். ஆனால் தொகையில் ஆறு மடங்கு வித்தியாசம்.

அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. எந்த மெயில் ஜெயிக்கும் என்று அந்த அணியினர் தங்களுக்குள் பந்தயம் கட்டுவார்களாம். இதையே தொழிலாகக் கொண்ட அவர்களின் ஊகம் பெரும்பாலும் தப்பாகவே போயிருக்கிறது. டிஜிட்டல் பகுப்பாய்வுக்குத் தலைமை தாங்கிய அமீலியா ஷோவால்டரே இதை வெளிப்படையாகச் சொன்னார். அழகாக வடிவமைத்த மெயிலைவிட, வரிகளுக்கு மஞ்சள் வண்ணம் பூசிய அவலட்சணமான மெயில் ஜெயித்தது. சில நாளில் அந்தப் புதுமையும் சலித்துப்போனது. ‘ஹே’ என்ற ஒற்றைச் சொல் தலைப்பு பிரமாதமாக எடுபட்டது. நண்பர் எழுதுகிற மாதிரி இருந்ததுதான் அதன் பலம். மெயிலுக்கு மேல் மெயில் அனுப்பியும் ஆட்கள் பெரிதாக விலகவில்லை. அவர்கள் தாங்களாக வந்து சேர்ந்த ஆதரவாளர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இதைப் படித்ததும் நாளைக்கே இரண்டு தலைப்பு எழுதிச் சோதிக்கத் தோன்றும். ஒரு எச்சரிக்கை. ஒபாமா அணியிடம் லட்சக்கணக்கான முகவரிகள் இருந்தன. உங்களிடம் 400 பேர்தான் என்றால், குழுவுக்கொரு தலைப்பாக 200, 200 என்று பிரித்து அனுப்பி, ஒன்றுக்கு ஒன்பது கிளிக்கும் மற்றதற்கு ஆறும் வந்தால், ஒன்பது ஜெயித்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. அது தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம். ஒரே தலைப்பை இரண்டு குழுவுக்கும் அனுப்பினால்கூட அப்படி வரும். சிறிய பட்டியல் வைத்திருப்பவர் வார்த்தைகளை மாற்றிப் பார்ப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். விலைச் சலுகையா, செய்முறை விளக்கமா என்பதுபோல அடிப்படையிலேயே வேறான இரண்டைச் சோதியுங்கள், அதையும் பல மெயில்களில் தொடர்ந்து பாருங்கள். பத்து வாடிக்கையாளருக்கு போன் போட்டு ‘போன வாரம் அனுப்பினதைப் பார்த்தீங்களா சார்?’ என்று கேட்பது இந்த அளவில் இன்னும் நல்ல வழி. பெரிய கம்பெனிகளுக்கு வாய்க்காத வசதி அது.

நம் ஊரில் அதிகம் பார்க்கும் குறை, டிசைனர் செய்துகொடுத்த போஸ்டரை அப்படியே ஒரே படமாக மெயிலில் ஒட்டி அனுப்புவது. அவுட்லுக்கில் வெளியாட்கள் அனுப்பும் படங்கள் பல நேரங்களில் தானாகத் திறப்பதில்லை. அப்போது பெறுகிறவருக்கு வெறும் வெள்ளைக் கட்டம்தான் தெரியும். சொல்ல வந்ததை எழுத்தில் சொல்லுங்கள். பெரும்பாலோர் போனில் படிக்கிறார்கள், அங்கே தலைப்பின் முதல் சில சொற்கள்தான் கண்ணில் படும். தமிழில் தலைப்பு வைத்தால் இடம் இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும். ‘எங்கள் மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு’ என்று தொடங்கினால், விஷயம் வருவதற்குள் வரி முடிந்துவிடும். ‘மோட்டார் சர்வீஸ் தேதி வந்துவிட்டது’ என்றால் போதும். ஆனாலும் தமிழில் பேசி வாங்கும் வாடிக்கையாளருக்குத் தமிழிலேயே எழுதுங்கள் என்றுதான் சொல்வேன்.

‘இத்தனை சதவிகிதம் பேர் திறந்தார்கள்’ என்ற அறிக்கையை வைத்து மகிழ்ந்துவிடாதீர்கள். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பு வசதி ஒன்றைச் சேர்த்தது. அந்த வசதியை இயக்கியவர்களின் மெயிலில் உள்ள படங்களை, அவர்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும், ஆப்பிளின் சர்வரே முன்கூட்டி எடுத்துவைத்துவிடும். படம் எடுக்கப்பட்டாலே ‘திறந்தாயிற்று’ என்று எண்ணும் மென்பொருள் அங்கே ஏமாந்துபோகிறது. எத்தனை பேர் பதில் போட்டார்கள், எத்தனை பேர் விலை கேட்டார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எண்ணுங்கள்.

விலகிப் போனவர்களைத் துரத்தாமல் இருப்பதும் இந்தத் தொழிலில் சேர்ந்ததுதான். பிரிட்டனின் ஃப்ளைபி விமான நிறுவனம் 2016 ஆகஸ்டில், ‘உங்கள் விவரங்கள் சரியா?’ என்று கேட்டு 33 லட்சம் மெயில்கள் அனுப்பியது. விளம்பரம் வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தவர்களுக்குப் போன மெயில்கள் அவை. 70,000 பவுண்ட் அபராதம் கட்ட நேர்ந்தது. அதே நாட்டின் வெதர்ஸ்பூன் மதுக்கூடக் குழுமம் நேர் எதிராக நடந்தது. 2015-இல் அதன் வாடிக்கையாளர் தகவல்கள் களவு போயின. 2017-இல் மெயில் பட்டியலையே முழுசாக அழித்துவிட்டது. அவ்வளவு தூரம் எல்லோரும் போக வேண்டியதில்லை. ஆனால் ஒரு வருடமாக எதையும் தொடாதவர்களுக்கு ‘தொடர்ந்து அனுப்பலாமா?’ என்று ஒரே ஒரு மெயில் அனுப்பிவிட்டு, பதில் தராதவர்களை எடுத்துவிடலாம். பட்டியல் சுருங்குவதைப் பார்க்க மனம் கஷ்டப்படும். ஆனால் மிச்சம் இருப்பவர்களுக்கு மெயில் இன்பாக்ஸில் போய்ச் சேரும்.

நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் தருவது எவ்வளவு சுலபமோ அதே அளவு சுலபமாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே ‘அன்சப்ஸ்க்ரைப்’ இணைப்பை மெயிலின் அடியில் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் ஒளித்துவைக்காதீர்கள். அதைத் தேடிக் கிடைக்காதவர்தான் எரிச்சலில் ஸ்பாம் பொத்தானை அழுத்துகிறார். ஒரே கிளிக்கில் விலக வழி செய்து, இரண்டு நாளுக்குள் பெயரை எடுத்துவிடுங்கள். கூகுளின் விதியும் அதுவே. விலகும் பக்கத்தில் ‘மாதம் ஒரு மெயில் மட்டும் போதும்’ என்ற இன்னொரு பொத்தானையும் வையுங்கள்.