பாய் நெய்யும் பெண்களும் விலை பேசும் துணிவும்

தாமிரபரணிக் கரைக் கோரையை நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கீறி, பருத்தியோ பட்டோ பாவாக இட்டு நெய்யப்படுவது பத்தமடைப் பாய். உயர்ந்த ரகப் பாய் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். புவிசார் குறியீடு பெற்ற இத்தொழிலின் கைவேலை பெரும்பாலும் பெண்களுடையதே. விலை பேசும் இடத்தில்தான் நம் சகோதரிகள் பின்வாங்குகின்றனர்.

இதற்கு அச்சம் மட்டுமே காரணமன்று. முன்பணம் பெற்று நெய்பவருக்கு, கொடுத்தவர் வைத்ததே விலை. எத்துணைத் திறமை இருப்பினும் அவர் கூலியாளாகவே நிற்க நேரிடும். சுற்றுப்புற ஊராட்சிகளில் பனையோலைப் பெட்டி முடைவோருக்கும் இது பொருந்தும்.

1983-ல் அமைந்த தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், சுய உதவிக் குழுக்களின் வாயிலாக வங்கிக் கடனுக்கு வழிசெய்கிறது. அக்கடன் கோரைக்கும் நூலுக்கும் ஓலைக்கும் செல்லவேண்டும். கல்யாணச் சீருக்குச் சென்றால் பழைய கதையே! வங்கிக்குக் கணவரோ தமையனாரோ துணை செல்லலாம். பேச வேண்டியவர் அப்பெண்மணியே.

ஊராட்சி உறுப்பினர்கள் அக்டோபர் 2 கிராம சபை நாளன்று, குழுவினரின் பொருள்களை விலைச்சீட்டுடன் பார்வைக்கு வைக்க ஏற்பாடு செய்யலாம். முதல் பேரம் ஊரார் முன்னிலையில் நடந்துவிட்டால், திருநெல்வேலிக் கடைக்காரரிடம் வாய் திறப்பது அத்துணைக் கடினமாக இராது.